எதைப் பழசாக வாங்கலாம், எதைப் புதிதாகவே வாங்க வேண்டும்: குறைந்த செலவில் பேரிடர்ச் சாமான்

பேரிடர் முன்னேற்பாட்டுக்குச் சாமான் வாங்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் ஒரு கத்தி, அடுத்து பெரிய முதுகுப்பை, அதற்கடுத்து விஷவாயு முகமூடி. தண்ணீர் கேன் கடைசியாக ஞாபகத்துக்கு வரும்போது கையில் காசு இருக்காது. மூன்று நாள் மின்சாரம் இல்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை, வெளியே போக வழியில்லை: பெரும்பாலான வீடுகள் சந்திப்பது இந்த அளவுதான். அதற்குத் தேவையானவற்றில் பாதி ஏற்கெனவே வீட்டில் இருக்கும். மீதியில் கணிசமானதை ராணுவம், மருத்துவமனை, தங்கும் விடுதி, தீயணைப்புத் துறை முதலியவை கழித்துக்கட்டும் உபரிச் சரக்கிலிருந்து குறைந்த விலைக்கு எடுத்துவிடலாம்.

எல்லாவற்றையும் அப்படி எடுக்க முடியாது என்பதுதான் புதியவர்களுக்குத் தெரிய வேண்டிய முதல் விஷயம். இரும்பு, கம்பளி, கித்தான் துணி, கெட்டி நைலான் எல்லாம் பழசானாலும் தாங்கும். கெட்டிருந்தால் கண்ணுக்கோ கைக்கோ தெரிந்துவிடும். ரப்பர், பசை, நுரை, ரசாயனம், பேட்டரி எல்லாம் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தாலும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே இருக்கும். கெட்டது வெளியே தெரியாது. முதல் வகையைப் பழசாக வாங்குங்கள். இரண்டாவது வகைக்குப் புதுச் சரக்கு, நம்பகமான விற்பனையாளர், தெளிவான தேதி மூன்றும் வேண்டும்.

கடைக்குப் போகுமுன் ஒரு ராத்திரி

ஒருநாள் மாலை ஆறு மணிக்குத் தண்ணீர்க் குழாயை மூடிவிடுங்கள். ஃபிரிட்ஜைத் தவிர மற்ற எல்லா மின்சாதனங்களையும் அணைத்துவிடுங்கள். வீட்டில் யாருக்காவது மின்சாரத்தில் ஓடும் மருத்துவக் கருவி இருந்தால் அதைத் தொட வேண்டாம். ஆனால் பட்டியலின் முதல் வரி அதுவாகத்தான் இருக்க வேண்டும். விடியும்வரை அப்படியே இருந்து, எதற்கெல்லாம் கை நீண்டதோ அதையெல்லாம் எழுதுங்கள். கழிப்பறைக்கு எத்தனை வாளி போயிற்று, இருக்கும் டார்ச்சில் எத்தனை எரிந்தது, போன் சார்ஜ் எப்போது தீர்ந்தது எல்லாம் தாளில் வந்துவிடும். அந்தத் தாள்தான் உங்கள் கொள்முதல் பட்டியல். அதில் இல்லாத எதையும் முதல் மூன்று மாதத்தில் வாங்காதீர்கள்.

செலவழிக்கும் வரிசை: தண்ணீர், வெளிச்சம், குளிருக்கும் மழைக்கும் மறைவு, முதலுதவி, செய்தி கேட்க ரேடியோ, சமைக்க அடுப்பு. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஆறிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்திருப்பதைவிட, முதல் மூன்றும் முழுசாக இருப்பது மேல்.

தண்ணீர்

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று கணக்கிடுங்கள். ஏறக்குறைய பாதி குடிக்க, பாதி சமையலுக்கும் கைகால் கழுவவும். நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர். இரண்டு வாரத்துக்கு 224 லிட்டர். வெயில் காலத்தில், பிள்ளை பெற்ற தாய்மார் இருக்கும் வீட்டில், இன்னும் கூடும். 20 லிட்டர் கேன் நிரம்பினால் 20 கிலோவுக்கு மேல் எடை. அதை மாடிப்படியில் தூக்கப்போவது யார் என்று முதலிலேயே யோசித்து, வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு 10 லிட்டர் கேனாக வாங்குங்கள்.

ராணுவ உபரிக் கேன்கள் தடிமனானவை, அடுக்க வாகானவை. ஆனால் ஒரே அளவில் எரிபொருள் கேனும் தண்ணீர் கேனும் உண்டு. பெட்ரோலோ டீசலோ இருந்த கேனை எத்தனை முறை கழுவினாலும் குடிதண்ணீருக்கு ஆகாது. பிளாஸ்டிக் எரிபொருளை உறிஞ்சி வைத்துக்கொண்டு பல மாதம் கழித்தும் கசியவிடும். உலோகக் கேன்களில் பெரும்பாலானவை எரிபொருளுக்கே செய்தவை என்பதால், தண்ணீர் என்று அச்சாகவே பதிந்திராத உலோகக் கேனைத் தொட வேண்டாம். நீல நிறப் பெரிய பீப்பாய்களுக்கும் இதே விதிதான்: அடியில் 2 என்ற எண் முக்கோணத்துக்குள் இருந்தால் அது ஹெச்.டி.பி.இ பிளாஸ்டிக், பொருள் நல்லது. முன்பு உள்ளே என்ன இருந்தது என்பதை அந்த எண் சொல்லாது. பழைய லேபிள் கிழிக்கப்பட்டிருந்தால், விற்பவர் ‘சோப்புத் தண்ணிதான் இருந்துச்சு’ என்று மழுப்பினால், விட்டுவிடுங்கள்.

கேனைச் சோதிக்க இரண்டு நாள் ஆகும். மூடியைத் திறந்ததும் மூக்கை வைத்து முகருங்கள். பிறகு கால் பங்கு வெந்நீர் ஊற்றி, மூடி, வெயிலில் ஒரு பகல் வைத்து மறுபடி முகருங்கள். சூட்டில்தான் ஒளிந்திருந்த வாசனை வெளியே வரும். அடுத்து முழுக்க நிரப்பி, காய்ந்த செய்தித்தாளின்மேல் தலைகீழாக ஒரு ராத்திரி நிறுத்துங்கள். தாள் நனைந்திருந்தால் பெரும்பாலும் மூடியின் வாஷர்தான் காரணம். அதே அளவு வாஷர் புதிதாகக் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பழைய கேனில் புது வாஷர் போடுவது எப்படியும் நல்லது, ஏனென்றால் அந்தக் கேனில் இருக்கும் ஒரே ரப்பர் அதுதான்.

சுத்திகரிக்க விலையுயர்ந்த எதுவும் தேவையில்லை. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். 2000 மீட்டருக்கு மேலான மலைப்பகுதியில் மூன்று நிமிடம். கொதிக்கவைக்க வழியில்லாதபோது, வாசனையோ வேறு சேர்ப்போ இல்லாத, 5 முதல் 6 சதவீத வலுவுள்ள வீட்டு பிளீச் திரவத்தில் லிட்டருக்கு 2 சொட்டு விட்டு, கலக்கி, 30 நிமிடம் காத்திருங்கள். கலங்கல் தண்ணீர் என்றால் முதலில் துணியில் வடிகட்டி, பிறகு 4 சொட்டு. லேசாகக் குளோரின் வாடை வர வேண்டும். வராவிட்டால் அதே அளவை இன்னொரு முறை விட்டு 15 நிமிடம் பொறுங்கள். பிளீச் திரவம் பாட்டிலிலேயே வலு இழந்துகொண்டிருக்கும், ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கிருமியைத்தான் அது கொல்லும். எண்ணெய், பூச்சிமருந்து, ஆலைக்கழிவு கலந்த தண்ணீரை இந்த இரண்டு முறையும் காப்பாற்றாது.

ராணுவ உபரியில் வரும் பழைய அயோடின் மாத்திரைப் புட்டிகளை வாங்க வேண்டாம். புதிய பிளீச் பாட்டில் ஒன்று அதைவிட நம்பகம்.

உபரிச் சரக்கின் லேபிளைப் படிப்பது

நிஜ ராணுவச் சரக்குக்கும் ராணுவ வண்ணம் பூசிய கடைச் சரக்குக்கும் இருக்கும் வித்தியாசம் லேபிளில்தான். நேட்டோ நாடுகளின் சரக்கில் 13 இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் நான்கு இலக்கம் பொருளின் வகை: 8340 என்றால் கூடாரமும் தார்ப்பாயும், 8465 என்றால் பை, பெல்ட் போன்ற தனியாள் சாமான், 8415 என்றால் சிறப்பு உடுப்பு, 7210 என்றால் போர்வை போன்றவை. அடுத்த இரண்டு இலக்கம் அந்த எண்ணைக் கொடுத்த நாடு: 00, 01 அமெரிக்கா, 12 ஜெர்மனி, 14 பிரான்ஸ், 15 இத்தாலி, 21 கனடா, 99 பிரிட்டன். அந்த எண்ணைத் தேடினால் பொருளின் சரியான பெயர் வந்துவிடும். அமெரிக்கச் சரக்கில் ஒப்பந்த எண்ணும் இருக்கும். அதில் முதல் கோட்டுக்கு அடுத்து வரும் இரண்டு இலக்கம் ஒப்பந்தம் போட்ட நிதியாண்டு. 89 என்றால் 1989. ரப்பரோ பிளாஸ்டிக் பூச்சோ உள்ள பொருளுக்கு விலை பேசுமுன் பார்க்க வேண்டியது அந்த இரண்டு இலக்கத்தைத்தான்.

அளவுச் சீட்டு புதியவர்களைக் குழப்பும். 8090/9404 என்று இருந்தால் 180 முதல் 190 செ.மீ உயரமும் 94 முதல் 104 செ.மீ மார்புச் சுற்றளவும் உள்ளவருக்கு என்று பொருள். முன்னால் வரும் நூற்றின் இலக்கத்தை விட்டுவிட்டு அச்சிடுகிறார்கள். இணையத்தில் வாங்கித் திருப்பி அனுப்பும் உடுப்புகளில் பாதிக்கு இதைப் படிக்கத் தெரியாததே காரணமாக இருக்கும்.

‘ராணுவத் தரம்’, ‘டேக்டிக்கல்’ என்ற சொற்களுக்கு விற்பனையில் எந்தப் பொருளும் இல்லை. ‘முதல் தரம்’, ‘இரண்டாம் தரம்’ என்பதும் கடைக்குக் கடை மாறும். படம் அனுப்பச் சொல்லும்போது குறிப்பிட்டுக் கேளுங்கள்: உள்பக்கத் தையல், ஜிப்பின் இரண்டு முனைகள், லேபிள். முன்பக்கப் படத்தை மட்டும் திரும்பத் திரும்ப அனுப்புகிறவரிடம் வாங்காதீர்கள்.

திட்டுத்திட்டாக வண்ணம் போட்ட (கேமஃபிளாஜ்) ராணுவ உடுப்பைக் குடிமக்கள் அணிவது சில நாடுகளில் குற்றம். ஜமைக்கா, பார்படாஸ், டிரினிடாட் டொபாகோ மூன்றும் அதில் உண்டு. உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டம் தடுக்காவிட்டாலும் வெற்றுப் பச்சை, சாம்பல், பழுப்பு நிறங்களே நல்லது. பேரிடர் நேரத்தில் மீட்பு ஆட்கள் உங்களைக் கண்டுபிடிக்க வேண்டும், வேறு யாரோ என்று நினைத்துவிடக் கூடாது.

பழசாக வாங்க வேண்டியவை

கம்பளிப் போர்வைதான் உபரிச் சந்தையின் சிறந்த பேரம். நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும், தீப்பொறி பட்டால் எளிதில் பற்றிக்கொள்ளாது. ஆனால் கம்பளி என்ற பெயரில் பாலியெஸ்டர் நிறைய வருகிறது. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், தீயை எடுத்ததும் தானே அணையும், மிஞ்சியது விரலில் தூளாக நொறுங்கும். பாலியெஸ்டர் உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். இரண்டும் கலந்த போர்வையில் கொஞ்சம் நொறுங்கும், கொஞ்சம் மணியாகும். 70 சதவீதத்துக்கு மேல் கம்பளி என்று லேபிள் சொன்னால் வாங்கலாம். போர்வையை வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்தால் அந்துப்பூச்சி தின்ற ஓட்டைகள் தெரியும். வீட்டுக்குள் கொண்டுவருமுன் பிளாஸ்டிக் பையில் கட்டி, டீப் ஃப்ரீசரில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் வையுங்கள். வெந்நீரில் துவைத்தால் சுருங்கிவிடும்.

தோட்டாப் பெட்டி என்கிற இரும்புப் பெட்டி தீப்பெட்டி, ஆவண நகல், மருந்து, ரேடியோ வைக்க அருமையானது. விளிம்பில் இருக்கும் ரப்பர் பட்டைதான் அதன் உயிர். ஒரு தாள்கீற்றைப் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் வைத்து மூடி, வெளியே இழுத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் தாள் கிழிய வேண்டுமே தவிர உருவிக்கொண்டு வரக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் வழுக்கினால் மூடியின் கீல் வளைந்திருக்கிறது என்று பொருள். உள்ளே ஈயத்தூள் ஒட்டியிருக்கலாம், அதனால் முதலில் சோப்புத் தண்ணீரில் ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். உணவை நேரடியாக அதில் வைக்க வேண்டாம்.

எவர்சில்வர் குவளை, மடக்கு மண்வெட்டி, பூச்சில்லாத கித்தான் பை, கித்தான் தார்ப்பாய், மரக்கட்டில், ஸ்ட்ரெச்சர்: எல்லாம் வாங்கலாம். கித்தானைக் கட்டைவிரல்களால் பிடித்து எதிரெதிராக வெடுக்கென்று இழுங்கள். நைந்துபோன துணி அப்போதே சொல்லிவிடும். கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை இருந்தால் அந்த இடத்தில்தான் முதலில் கிழியும். மருத்துவமனை, விடுதிக் கழிவில் வரும் தடித்த துண்டுகளும் படுக்கை விரிப்புகளும் கந்தல் விலைக்கே கிடைக்கும். வெள்ள நீர் வற்றியபின் துடைக்க எத்தனை இருந்தாலும் போதாது.

பாராசூட் கயிறு வாங்கினால் முனையை வெட்டி உள்ளே பாருங்கள். சுமார் 250 கிலோ தாங்கும் அசல் கயிற்றின் உறைக்குள் 7 முதல் 9 முறுக்கு நூல்கள் தனித்தனியாக இருக்கும். போலியில் பஞ்சோ, முறுக்கில்லாத ஒரே கற்றையோ இருக்கும். கூடாரம் கட்டப் போலியும் உதவும். ஆளைத் தாங்க இந்தக் கயிறு எதுவும் உதவாது. பயன்படுத்திய மலையேற்றக் கயிற்றையும் உயிருக்கு நம்பக் கூடாது.

பழசில் ஏமாற்றுபவை

ராணுவ பூட்ஸ். பெட்டியிலிருந்து எடுக்காத, பளபளக்கும் ஜோடி. போட்டு நடந்தால் அரைமணி நேரத்தில் அடிப்பாகம் மண்கட்டிபோல உதிரும். பாலியூரித்தேன் நுரை காற்றின் ஈரத்தாலேயே மெல்லச் சிதையும்; நடந்தாலும் நடக்காவிட்டாலும் அதற்கு வயது ஏறிக்கொண்டுதான் இருக்கும். குதிகாலுக்குக் கீழே, அடிப்பாகத்தின் பக்கவாட்டில் தெரியும் நுரையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அழுத்திய பள்ளம் நிரம்பி வர வேண்டும். வெடிப்பு விழுந்தாலோ, விரலில் பிசுபிசுத்தாலோ அது காலணி அல்ல. நுரை இல்லாமல் முழு ரப்பர் அடி தைத்த பழைய மாதிரிகள் பரவாயில்லை.

அதே பாலியூரித்தேன் பூச்சுதான் நைலான் கூடாரங்களுக்கும் மழைக்கோட்டுகளுக்கும். உள்பக்கம் ஒட்டினால், புளித்த நாற்றம் அடித்தால், வெள்ளைச் செதிலாக உரிந்தால் தண்ணீர் நிற்காது. சலவை செய்து சரிசெய்ய முடியாது.

தூக்கப்பையை (ஸ்லீப்பிங் பேக்) தரையில் விரித்து ஒரு மணி நேரம் விடுங்கள். உப்பி எழ வேண்டும். பல வருடம் அழுத்திக் கட்டிவைத்தது தட்டையாகவே கிடக்கும். அதில் எழுதியிருக்கும் வெப்பநிலை அளவு இனி பொருந்தாது.

புதிதாகவே வாங்க வேண்டியவை

விஷவாயு முகமூடி புதியவர்களை இழுக்கும் பொருள் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். சோவியத் காலத்து ஜி.பி.-5 முகமூடியின் வடிகட்டிகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் முகமூடிகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. 2014-ல் பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்புத் துறை, பள்ளிகளில் பிள்ளைகள் அவற்றை முகத்தில் மாட்டிப் பார்க்கக் கூடாது என்று எச்சரித்தது. காப்பாற்ற வாங்கியதே நுரையீரலைக் கெடுக்கும். புகைத் துகளுக்கும் தூசிக்கும் புதிய என்-95 முகக்கவசம் போதும், ஆளுக்கு ஐந்தாவது வையுங்கள்.

பழைய ராணுவத் திசைகாட்டி, மானி, கைக்கடிகாரம் ஆகியவற்றில் ஒளிரும் பூச்சு ரேடியமாக இருக்கலாம். இருட்டில் இப்போது ஒளிராததால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். ஒளியைக் காட்டும் ரசாயனம்தான் தேய்ந்திருக்கிறது. ரேடியத்தின் அரைவாழ்வுக் காலம் 1600 ஆண்டு. கண்ணாடியைத் திறந்து பூச்சைச் சுரண்டவே கூடாது. அமெரிக்காவில் 1960-களில் செய்த சி.டி. வி-715 என்ற மஞ்சள் நிறக் கதிர்வீச்சுமானியும் சந்தையில் சுற்றுகிறது. அணுகுண்டு வெடித்தபின் இருக்கும் அளவை மட்டுமே அது காட்டும். சாதாரண அளவுக்கு முள் அசையாது, அசையாத முள்ளை நம்பி ஒருவர் ஆபத்தில் நிற்கக்கூடும்.

ரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிக்கேயைத் தயாரிப்பாளரோ அவர் அங்கீகரித்த கடையோ விற்பதாக மட்டும் வாங்குங்கள். போலிகளில் முறுக்கும் கம்பு, இறுக்கும் அந்த ஒரு நொடியில் வளையும் அல்லது ஒடியும். பயன்படுத்தியதைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. பழகுவதற்கென்று வாங்கியதைப் பையில் வைக்கக் கூடாது. ரத்தம் உறையவைக்கும் பழைய ராணுவப் பொடிப் பொட்டலங்களும் வேண்டாம், ஆரம்பகாலப் பொடிகள் காயத்திலேயே கொதிசூட்டைக் கிளப்பின. கட்டுத்துணி, கையுறை, பிளாஸ்திரி எல்லாம் மருந்துக்கடையில் புதிதாகவே மலிவு.

வெளிச்சமும் பேட்டரியும்

டார்ச்சைவிடத் தலைவிளக்கு மேல், இரண்டு கையும் ஓய்வாக இருக்கும். ஆளுக்கு ஒன்று, எல்லாமே ஒரே அளவு பேட்டரியில், டபுள் ஏ அல்லது ட்ரிபிள் ஏ, ஓடுவதாக வாங்குங்கள். அல்கலைன் பேட்டரியை உள்ளே போட்டு வைத்தால் கசிந்து சுருளை அரித்துவிடும். வெளியே, டேப் ஒட்டி, விளக்கோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.

18650 என்ற சார்ஜ் செல்லில் 9900 எம்.ஏ.ஹெச் என்று அச்சிட்டிருந்தால் அது பொய். 18 மி.மீ விட்டமும் 65 மி.மீ நீளமும் உள்ள அந்த உருளையில் நல்ல தயாரிப்பே பொதுவாக 3500 வரைதான் தரும். சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள்: அசல் 45 முதல் 50 கிராம். 25, 30 கிராம் காட்டினால் உள்ளே சின்ன செல்லை வைத்து மீதியை நிரப்பியிருக்கிறார்கள்.

பவர்பேங்கில் எழுதியிருப்பது உள்ளே இருக்கும் செல்லின் கணக்கு. 10,000 எம்.ஏ.ஹெச் என்பது 37 வாட்-மணி. 5 வோல்ட்டுக்கு மாற்றி, இழப்பும் போக, போனுக்கு 6000 சொச்சம்தான் போய்ச் சேரும். ஒரு போனுக்கு ஒரு முழு சார்ஜும் கொஞ்சமும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைச்சுழற்றி ரேடியோ வாங்கினால், சாதாரண பேட்டரியிலும் ஓடுவதாகப் பாருங்கள். உள்ளே ஒட்டிவைத்த சின்ன செல் செத்துவிட்டால் சுழற்றியும் பயனில்லாமல் போகலாம்.

ஜெனரேட்டரோ கரி அடுப்போ எரிபொருள் அடுப்போ, எதையும் மூடிய அறையில் எரிக்கக் கூடாது. ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் சன்னலைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பியிருக்க வேண்டும். இவை எரியும்போது வரும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி என்று படுப்பவர் எழாமலே போகலாம். அந்த வாயுவைக் கண்டால் ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்று புதிதாக வாங்குங்கள்.

உணவு

இதற்குத் தனிக்கடை வேண்டாம். வீட்டில் வழக்கமாகச் சாப்பிடுவதில் கெடாதவற்றை வாராவாரம் ஒன்று கூடுதலாக வாங்கி, பழையதை முன்னால் தள்ளிப் புதியதைப் பின்னால் வையுங்கள். ராணுவச் சாப்பாட்டுப் பொட்டலமான எம்.ஆர்.ஈ, 27 டிகிரி செல்சியஸில் குறைந்தது மூன்று ஆண்டும் 38 டிகிரியில் ஆறு மாதமும் தாங்கும்படி செய்தது. விற்பவரின் கிடங்கு எத்தனை சூடாக இருந்தது என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. பொட்டலத்தில் இருக்கும் நான்கு இலக்கத்தில் முதலாவது ஆண்டின் கடைசி இலக்கம், மற்ற மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 3123 என்றால் 2023-ஆக இருக்கலாம், 2013-ஆகவும் இருக்கலாம்.

வாங்கியபின்

ஒவ்வொரு பொருளின்மேலும் டேப் ஒட்டி, வாங்கிய மாதத்தையும் கெடும் மாதத்தையும் எழுதுங்கள். மேல்மாடத்திலும் கார் டிக்கியிலும் வைக்காதீர்கள், சூடு எல்லாவற்றையும் முன்கூட்டியே கெடுத்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேன் தண்ணீரைச் செடிக்கு ஊற்றி மறுபடி நிரப்புங்கள், விளக்குகளைப் பத்து நிமிடம் எரியவிடுங்கள், பவர்பேங்கை முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். பையைக் கட்டியபின் அதைத் தூக்கப்போகிறவரையே தூக்கவைத்து ஒரு கிலோமீட்டர் நடக்கச் சொல்லுங்கள். அவர் நின்று இறக்கிவைக்கிற இடத்தில் பையைப் பிரித்து, என்ன கூடுதல் என்று அவரையே எடுக்கச் சொல்லுங்கள்.